ஏழடி உயரமும் ஒரு சிறு எலும்பும்

கூடைப்பந்து ரசிகர்கள் நாலு பேர் உட்கார்ந்து சென்டர்களை, அதாவது கூடையை ஒட்டி ஆடும் நெட்டை வீரர்களை, பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டு பட்டியல்கள் போடுவார்கள். பில் ரஸ்ஸல், வில்ட் சேம்பர்லின், கரீம் அப்துல்-ஜப்பார், ஹகீம் ஒலாஜுவான், ஷகீல் ஓநீல் என்று போகும் முதல் பட்டியலில் யார் முன், யார் பின் என்பதில்தான் சண்டை. இரண்டாவது பட்டியல் பெருமூச்சோடு வரும்: பில் வால்டன், ரால்ஃப் சாம்ப்சன், சாம் பூயி, அர்வீதாஸ் சபோனிஸ், யாவ் மிங், கிரெக் ஓடன். ஏழடியை ஒட்டியோ தாண்டியோ நின்றவர்கள். கால் ஒத்துழைத்திருந்தால் இவர்களில் யார் முதல் பட்டியலுக்கு ஏறியிருப்பார்கள் என்ற பேச்சுக்கு முடிவே கிடையாது.

ஏன் இப்படி நடந்தது என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, உயரம்: அவ்வளவு பெரிய உடம்பை மனிதக் கால் தாங்காது. இன்னொன்று, சாபம். மேலே சொன்ன ஆறு பேரில் நான்கு பேர் போர்ட்லாந்து டிரெயில் பிளேஸர்ஸ் அணியின் சட்டையைப் போட்டவர்கள். அந்த ஊரில் இதை விதி என்றே சொல்வார்கள். சாபத்தை விட்டுவிடலாம். உயரம் என்ற பதிலில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மைதான். எலும்பில் கீறல் விழுந்தது உயரத்தால், எடையால், ஓயாத ஓட்டத்தால். கீறல் விழுந்த காலோடு ஒருவரை மறுபடி களத்தில் இறக்கியது மனிதர்கள்: பயிற்சியாளர், அணி மருத்துவர், உரிமையாளர், சில சமயம் ஒரு நாட்டின் அரசு, பல சமயம் அந்த வீரரே. இவர்களின் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மனிதர்கள் என்ற இந்தக் காரணம்தான் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் உடம்பின் கணக்கு. பெரிய பிராணிகளின் எலும்பு ஏன் அளவுக்கு மீறித் தடிக்க வேண்டியிருக்கிறது என்பதை கலிலியோ 1638-இலேயே எழுதிவிட்டார். உயரம் கூடும்போது எடை அதன் மும்மடியாகவும் எலும்பின் குறுக்குப்பரப்பு இருமடியாகவும் வளரும். ஆறடி மனிதர் ஒருவரை அதே அங்க அமைப்போடு ஏழடிக்கு வளர்த்தால் எலும்பின் பரப்பு சுமார் 36 விழுக்காடு கூடும். எடை சுமார் 59 விழுக்காடு கூடும். எலும்பின் ஒவ்வொரு துண்டுப் பரப்புக்கும் ஆறில் ஒரு பங்கு கூடுதல் சுமை. நின்றுகொண்டிருந்தால் இது பெரிய விஷயமில்லை. சென்டர் நிற்பதில்லை. ரீபவுண்டுக்கு எகிறுகிறார், ஒற்றைக்காலில் இறங்குகிறார், இறங்கிய காலையே ஊன்றித் திரும்புகிறார். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் ஒரு சீசனுக்கு 82 ஆட்டங்கள், பயிற்சி தனி.

இந்தச் சுமை போய்ச் சேரும் இடங்களில் ஒன்று நேவிகுலர் எலும்பு. பாதத்தின் உட்புற வளைவின் உச்சியில், கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும் சிறிய எலும்பு. குதிக்கும்போதும் உந்தும்போதும் முன்னாலும் பின்னாலும் உள்ள எலும்புகள் அதை நசுக்குகின்றன. அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அங்கே விழும் கீறல் ஆறுவதும் கடினம். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் விண்டுபோகுமே, அந்த வகை முறிவு இது. ஒரே அடியில் உடையாது. வலியும் பாதத்தின் மேல்புறத்தில் மந்தமாகப் பரவுவதால் எங்கே வலிக்கிறது என்று வீரருக்கே சொல்லத் தெரியாது. சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் எதுவும் தெரியாது. பந்தய நாய்களான கிரேஹவுண்டுகளுக்கு இந்த எலும்பு முறிவதைக் கால்நடை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். மனிதர்களுக்கு இந்தச் சோர்வு முறிவு வருவதை மருத்துவ இதழ்கள் எழுதத் தொடங்கியது 1970-இல்தான். காலை ஊன்றவே விடாமல் ஆறிலிருந்து எட்டு வாரம் கட்டுப்போட்டு வைப்பதே சரியான சிகிச்சை என்ற தெளிவு 1980களின் தொடக்கத்தில் வந்தது. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வால்டனின் பாதம் உடைந்தது 1978-இல்.

உயரம் மட்டுமே காரணம் என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய பெயர்களும் இருக்கின்றன. 7 அடி 2 அங்குல கரீம் அப்துல்-ஜப்பார் 20 சீசன்களில் 1,560 ஆட்டங்கள் ஆடினார். ஏழடி ராபர்ட் பாரிஷ் 21 சீசன்களில் 1,611. 7 அடி 2 அங்குல டிகெம்பே முட்டோம்போ 18 சீசன்கள். கரீம் யோகா செய்தார் என்பதை நம்மவர்கள் பெருமையோடு சொல்வதுண்டு, அது உதவியிருக்கலாம். பிறவியிலேயே வாய்த்த பாத அமைப்பும் உதவியிருக்கும். எப்படியிருந்தாலும் ஏழடி என்பது மரண தண்டனை அல்ல.

வலியோடு ஆடுவதை வீரம் என்று கொண்டாடும் பழக்கம் இந்த விளையாட்டில் வால்டனுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. அதன் மிகக் கொடூரமான உதாரணம் மாரிஸ் ஸ்டோக்ஸ். சின்சினாட்டி ராயல்ஸ் அணிக்காரர். 6 அடி 7 அங்குலம்தான் என்றாலும் அந்தக் காலத்துக்கு அவர் பெரிய உடம்புக்காரர், ரீபவுண்டுகளில் அசுரர். 1958 மார்ச் 12 அன்று மினியாபொலிஸில் நடந்த ஆட்டத்தில் விழுந்து தலை தரையில் மோத நினைவிழந்தார். மூக்கருகே நெடி உப்பைக் காட்டி எழுப்பி, அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கினார்கள். மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் பிளே-ஆஃப் ஆட்டமும் ஆடினார். ஊர் திரும்பும் விமானத்தில் வலிப்பு வந்தது. அதன்பின் உடல் முழுவதும் செயலிழந்தது. வயது 24. சக ஆட்டக்காரர் ஜாக் ட்வைமன் சட்டப்படி அவருடைய காப்பாளராகப் பொறுப்பேற்று, சிகிச்சைக்குப் பணம் திரட்டி, 1970-இல் அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரர் ஒரு கறுப்பினத்தவருக்குக் காப்பாளர் ஆன இந்த நட்பைத்தான் அமெரிக்கா நெகிழ்ந்து சொல்கிறது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் நினைவு திரும்பியவரை ஒரு மருத்துவரும் தடுக்கவில்லை என்பது அந்த நெகிழ்ச்சியில் கரைந்துபோகிறது.

ஸ்டோக்ஸ் இறந்த அதே 1970-இல், ஒரு மாதம் கழித்து, வில்லிஸ் ரீடின் இரவு வந்தது. நியூயார்க் நிக்ஸ் அணிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், மே 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஐந்தாவது ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்து ஆறாவதை விட்டுவிட்ட நிக்ஸ் சென்டர் ரீட், மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு நொண்டியபடி களத்துக்கு வந்தார். அரங்கம் வெடித்தது. அணியின் முதல் இரண்டு கூடைகளையும் அவரே போட்டார். அதோடு சரி, மொத்தம் நான்கு புள்ளிகள். ஆட்டத்தை உண்மையில் வென்று கொடுத்தவர் 36 புள்ளிகளும் 19 அசிஸ்ட்டுகளும் எடுத்த வால்ட் ஃப்ரேஸியர். ஆனால் அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் நிலைத்த காட்சி ரீட் நொண்டி வந்ததுதான். எதிரணியில் நின்ற வில்ட் சேம்பர்லினும் அந்த சீசனின் தொடக்கத்தில் முழங்கால் தசைநாண் அறுந்து, பெரும்பாலான ஆட்டங்களை இழந்து, பிளே-ஆஃபுக்காகத் திரும்பியவர்தான். ரீடின் முழங்கால்கள் 1974-இல் அவரை ஓய்வுபெற வைத்தன. அந்த ஊசியை நான் குறை சொல்ல மாட்டேன்: அது இறுதித் தொடரின் கடைசி ஆட்டம், கிழிந்தது தசை, எலும்பல்ல, ரீட் தெரிந்தே செய்தார். கெடுதல் அதற்குப் பின் வந்தது. ஊசி போட்டுக்கொண்டு ஆடாதவன் ரீட் அல்ல என்று எல்லா உடைமாற்றும் அறைகளிலும் ஓர் அளவுகோல் உருவாகிவிட்டது.

அந்த அளவுகோலில் மாட்டியவர் வால்டன்.

1952-இல் கலிஃபோர்னியாவின் லா மெசாவில் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே முழங்காலில் அறுவை சிகிச்சை. யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஜான் வுடனிடம் ஆடினார். அந்த அணியின் 88 ஆட்டத் தொடர் வெற்றியின் நடுநாயகம் அவர். 1973 கல்லூரி இறுதிப் போட்டியில் மெம்ஃபிஸ் ஸ்டேட் அணிக்கு எதிராக 22 முறை எறிந்து 21 முறை கூடையில் போட்டு 44 புள்ளிகள் எடுத்தார். பந்தை அவர் பாஸ் கொடுக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் அவரைப் பெரிய உடம்புக்காரராக நினைக்க மறந்துபோவார்கள். எதிராளி எறிந்த பந்தைத் தடுத்து, ரீபவுண்டைப் பிடித்து, கால் தரையைத் தொடுவதற்குள் பாதிக் களம் தாண்டி ஓடும் தோழனுக்குப் பந்தை அனுப்பிவிடுவார். சென்டர் ஆட்டம் என்றால் முட்டிமோதி இடம்பிடிப்பது என்றிருந்ததை, அணி முழுவதும் ஓடுவதற்கான தொடக்கப் புள்ளியாக மாற்றியவர் அவர்.

1974-இல், புது வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் தேர்வில், போர்ட்லாந்து அவரை முதல் ஆளாக எடுத்தது. முதல் சீசனில் 35 ஆட்டங்கள், இரண்டாவதில் 51. வலிக்கிறது என்று உட்கார்ந்தபோதெல்லாம் சோம்பேறி என்றார்கள். நீண்ட தலைமுடி, வியட்நாம் போருக்கு எதிரான பேச்சு, சைவ உணவு எல்லாம் சேர்ந்து அவரைச் சந்தேகத்துக்குரியவர் ஆக்கின. காய்கறி தின்பதால்தான் எலும்பு பலமில்லை என்று பேசியவர்களும் உண்டு. மூன்றாவது சீசனில் 65 ஆட்டங்கள் ஆடினார். லீகிலேயே அதிக ரீபவுண்டுகள், அதிக பிளாக்குகள். 1977 இறுதித் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்ற போர்ட்லாந்து, அடுத்த நான்கையும் வென்று பிலடெல்பியாவைச் சாய்த்தது. அந்த அணியின் ஒரே கோப்பை இன்றுவரை அதுதான்.

அடுத்த சீசனில் இன்னும் பயங்கரமாக ஆடினார்கள். முதல் 60 ஆட்டங்களில் 50 வெற்றி. பிப்ரவரி முடிவில் வால்டன் பாதக் காயத்தால் வெளியேறினார். மீதி 22 ஆட்டங்களில் அணி வென்றது எட்டு. ஒரு மனிதரின் மதிப்பை இதைவிடத் துல்லியமாக எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. ஆபத்தும் அதிலேயே இருந்தது. பிளே-ஆஃபில் சியாட்டில் காத்திருந்தது. வால்டனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு முன் இடது பாதத்தில் வலிகொல்லி ஊசி போடப்பட்டது. ஆடினார், நடுவில் வெளியேறினார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் நேவிகுலர் உடைந்திருந்தது. தொடரும் போயிற்று. அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை ஊன்றுகோல் காலத்தில் வாங்கிக்கொண்டார்.

வலி என்பது உடம்பு கொடுக்கும் கடைசி எச்சரிக்கை. அதை ஊசியால் அணைத்துவிட்டால், கீறல் எப்போது முறிவாகிறது என்று வீரருக்கே தெரியாது. அந்த ஊசிக்கு வால்டனும் சம்மதித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சம்மதத்தின் விலை என்ன? 25 வயது இளைஞர். முந்தைய ஆண்டு கோப்பை கொடுத்த ஊர் முழுவதும் காத்திருக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்து விளக்க வேண்டிய மருத்துவரை நியமித்திருப்பது, வீரரைக் களத்தில் காண விரும்பும் அதே நிறுவனம். அணியின் சிகிச்சை முறைகளைக் குற்றம்சாட்டி, வேறு அணிக்கு மாற்றச் சொல்லி, வால்டன் 1978-79 சீசன் முழுவதும் ஆடாமல் இருந்தார். மருத்துவர்மீது தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. போர்ட்லாந்து ரசிகர்கள் இதைத் துரோகமாகப் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தான் பிரிந்த விதத்துக்காக வால்டனே வருத்தம் தெரிவித்தார். பிரிந்த விதத்தில் தவறு இருந்திருக்கலாம். பிரிந்த காரணத்தில் எனக்குத் தவறு தெரியவில்லை.

1979-இல் சொந்த ஊர்ப் பக்கமான சான் டியேகோ கிளிப்பர்ஸுக்குப் போனார். முதல் ஆண்டில் 14 ஆட்டங்கள், அதே பாதம். அடுத்த இரண்டு சீசன்களும் பூஜ்யம். பாதத்தின் வளைவையே தாழ்த்தி அமைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இடையில் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படித்தார். 1985-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அவரை வாங்கியபோது சிரித்தவர்கள் பலர். அங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் நடந்தது. ராபர்ட் பாரிஷுக்கு மாற்று வீரராக, ஆட்டத்துக்குச் சராசரியாக 19 நிமிடம் மட்டுமே இறக்கினார்கள். அந்த ஒரு சீசனில் வால்டன் 80 ஆட்டங்கள் ஆடினார். வாழ்நாளில் அத்தனை ஆட்டங்களை எந்த சீசனிலும் அவர் ஆடியதில்லை. கோப்பையும் கிடைத்தது, சிறந்த ஆறாவது ஆள் விருதும் கிடைத்தது. அதே பாதம்தான், வேலை மட்டும் பாதி. மறுவருடம் கணுக்கால் மறுபடி காலை வாரியது, 10 ஆட்டங்களோடு முடிந்தது. 13 சீசன்களில் ஆடியிருக்கக்கூடிய 1,066 ஆட்டங்களில் அவர் ஆடியது 468. பின்னாளில் இரு கணுக்கால்களையும் அசையாதபடி இணைத்துப் பூட்ட வேண்டிவந்தது. வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட எலும்பு அறுவைகள். 2024 மே மாதம் இறந்தார்.

பாஸ்டன் வால்டனுக்குக் கொடுத்த பக்குவத்தைத் தன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததா என்றால் இல்லை. கெவின் மெக்ஹேல் 1987 மார்ச்சில் வலது பாதத்தின் நேவிகுலரில் முறிவோடு இருந்தார். ஆடினால் என்ன ஆகும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஆடினார், இறுதித் தொடர்வரை. லேக்கர்ஸிடம் தோற்றார்கள். அதன்பின் 1993வரை ஆடினார் என்றாலும் பழைய மெக்ஹேல் திரும்பவில்லை. அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. மறுபடி வாய்ப்பு வந்தாலும் அதையே செய்வார் என்ற ரகம். இப்படித் தாங்களே முடிவெடுத்தவர்களையும் தங்களுக்காகப் பிறர் முடிவெடுத்தவர்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

சாம் பூயி இந்த இரண்டு தட்டிலும் அடங்க மாட்டார். 1984 தேர்வில் ஒலாஜுவானுக்கு அடுத்து, மைக்கேல் ஜோர்டனுக்கு முன்னால், போர்ட்லாந்து எடுத்தது அவரைத்தான். அமெரிக்க விளையாட்டின் மிகப் பெரிய தப்புக்கணக்கு என்று இன்றும் கேலி ஓய்ந்தபாடில்லை. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இடது முன்காலெலும்பில் சோர்வு முறிவு வந்து இரண்டு முழு சீசன்களை இழந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் போர்ட்லாந்து மணிக்கணக்கில் சோதித்தது. 2012-இல் வந்த ஒரு ஆவணப்படத்தில் பூயி அந்தச் சோதனையை விவரித்தார்: சிறு சுத்தியலால் காலெலும்பில் தட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன், உள்ளுக்குள் வலித்தது. முதல் சீசன் 76 ஆட்டங்கள். பிறகு 38, பிறகு 5, பிறகு ஒன்றுமில்லை, பிறகு 20. இடது கால், வலது கால், மறுபடி வலது கால். பொய் சொன்னார் என்று அவரைத் திட்டியவர்கள், உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்தார்களா? இரண்டாவது இடத்தில் தேர்வாகும் வீரரின் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே இருக்கும். பரிசோதனை என்று வந்தாலே வலியை மறைக்கும் பக்கம்தான் லாபம் இருக்கும்படி அந்த ஏற்பாடு அமைந்திருந்தது. சொல்லப்போனால் பூயி தோற்றுப்போனவரும் அல்ல; நியூஜெர்சிக்குப் போனபின் உருப்படியாக ஆடி, 1995வரை தாக்குப்பிடித்து, மொத்தம் 511 ஆட்டங்கள் கண்டார். வால்டனைவிட அதிகம்.

ரால்ஃப் சாம்ப்சன் கதையில் வில்லன் யாருமில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்லலாம். 7 அடி 4 அங்குலம். வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். ஹூஸ்டனில் முதல் சீசனிலேயே சராசரி 21 புள்ளிகள், 11 ரீபவுண்டுகள். ஒலாஜுவான் வந்ததும் இருவரும் இரட்டைக் கோபுரங்கள் ஆனார்கள். 1986-இல் லேக்கர்ஸுக்கு எதிராக ஒரு நொடி மிச்சமிருக்கும்போது காற்றிலேயே பந்தை வாங்கித் திருப்பிப் போட்டுத் தொடரை முடித்த அந்தக் கூடை இன்றும் காட்டப்படுகிறது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே பாஸ்டன் தரையில் முதுகு அடிபட விழுந்திருந்தார். பிறகு முழங்கால், அறுவை, மறுபடி அறுவை. 456 ஆட்டங்கள். கிளீவ்லாந்தின் பிராட் டாகர்ட்டிக்கும் முதுகுதான்; தண்டுவட்டுச் சிக்கலால் 28 வயதில், 1994-இல், கடைசி ஆட்டம்.

சபோனிஸிடம் வந்தால் அணியின் இடத்தில் ஒரு வல்லரசு நிற்கிறது. லித்துவேனியாவின் கௌனஸ் நகரத்துக்காரர். 7 அடி 3 அங்குலம். இருபது வயதில் மான் மாதிரி ஓடியவர், வால்டனைப் போலப் பாஸ் கொடுத்தவர். சல்கிரிஸ் கிளப்புக்கும் சோவியத் தேசிய அணிக்கும் ஓய்வில்லாமல் ஆடி, குதிகால் தசைநாண் அறுந்தது. ஆறுவதற்குள் மறுபடி அறுந்தது. 1986-இலேயே அவரைத் தேர்ந்தெடுத்திருந்த போர்ட்லாந்து, 1988-இல் அவரை அழைத்துச் சிகிச்சை கொடுத்தது. ஆறும்வரை ஆட வேண்டாம் என்பதே அங்கே அவருக்குக் கிடைத்த யோசனை. சோவியத் அணி அவரை சியோல் ஒலிம்பிக்ஸுக்குக் கூட்டிப்போனது. அரையிறுதியில் அமெரிக்கா 82-76 என்று தோற்றது, சோவியத் அணிக்குத் தங்கமும் கிடைத்தது. தங்கள் ஊர் மருத்துவமே தங்களைத் தோற்கடித்தது என்று அமெரிக்கர்கள் சிலர் புலம்பியதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தத் தோல்விக்குப் பின்தான் 1992-இல் என்பிஏ வீரர்களை அனுப்பும் முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். சபோனிஸ் என்பிஏவுக்கு வந்தது 1995-இல், முப்பது வயதில். அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்த அணி மருத்துவர், ஊனமுற்றோருக்கான கார் நிறுத்துமிடம் கேட்டால் இவருக்குக் கிடைக்கும் என்ற பொருளில் சொன்னதாக அப்போதைய பொது மேலாளர் பாப் விட்சிட் பின்னால் நினைவுகூர்ந்தார். அந்தக் காலோடு ஏழு சீசன்கள் ஆடினார். ஓட முடியாது, எகிற முடியாது. நின்ற இடத்திலிருந்தே ஆட்டத்தை நடத்தினார். நாம் பார்த்த சபோனிஸ் மிச்சம். மிச்சமே அப்படி இருந்தது.

யாவ் மிங்கும் இந்த வகைதான், ஆனால் விஷயம் இன்னும் சிக்கல். 2002-இல் ஹூஸ்டனுக்கு வந்தபின் முதல் மூன்று சீசன்களில் 246-இல் 244 ஆட்டங்கள் ஆடினார். 7 அடி 6 அங்குல மனிதர் ஒருவருக்கு இது நம்பவே முடியாத எண்ணிக்கை. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் கோடைகளில் அவர் சீன தேசிய அணிக்குப் போனார். 2005 முடிவிலிருந்து கால் விரல், முன்கால், பாதம் என்று வரிசையாக. 2008 பிப்ரவரியில் இடது பாதத்தில் சோர்வு முறிவு. ஆறு மாதத்தில் பீஜிங் ஒலிம்பிக்ஸ். சொந்த மண்ணில் கொடி பிடித்து வர வேண்டியவர் வீட்டில் உட்கார்வாரா? யாரும் அவரைக் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவரே போக விரும்பினார். விருப்பத்துக்கும் கடமைக்கும் இடையே கோடு போட யாவின் இடத்தில் வேறு யாராலும் முடிந்திருக்காது. 2009 மே மாதம் லேக்கர்ஸுக்கு எதிரான தொடரில் அதே பாதத்தில் மயிரிழைக் கீறல். எலும்பு ஒட்டி, வால்டனுக்குச் செய்ததுபோல வளைவைத் தாழ்த்தி, ஒரு சீசன் முழுக்க ஓய்வு. திரும்பி வந்தபோது ஆட்டத்துக்கு 24 நிமிடம் என்று வரம்பு வைத்தார்கள். ஐந்து ஆட்டங்கள்தான். 2011 ஜூலையில், முப்பது வயதில், ஷாங்காயில் ஓய்வை அறிவித்தார்.

நிமிடக் கணக்கு வைத்தும் யாவ் தப்பவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு எதிர்முனையில் நிற்பவர் கௌனஸிலிருந்தே வந்த இன்னொருவர்: ஷிட்ரூனஸ் இல்கௌஸ்காஸ், 7 அடி 3 அங்குலம். கிளீவ்லாந்து 1996-இல் அவரை எடுத்தது. பாதக் காயத்தால் முதல் சீசன் முழுக்கப் போனது. அடுத்ததில் 82 ஆட்டங்களும் ஆடினார். பிறகு 5, பூஜ்யம், 24. இரண்டு பாதங்களிலும் திரும்பத் திரும்ப அறுவை. ஓய்வுபெறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2001-இல் பால்டிமோரில் ஒரு பாத மருத்துவர் உடைந்ததை மட்டும் ஒட்டாமல், சுமை வேறு வழியில் இறங்கும்படி பாதத்தையே திருத்தி அமைத்தார். அணி அவசரப்படவில்லை. திரும்பி வந்த சீசனில் பெரும்பாலும் மாற்று வீரராக, அளவான நிமிடங்களோடு இறக்கினார்கள். அடுத்த ஐந்து சீசன்களில் எதிலும் 78 ஆட்டங்களுக்குக் குறையவில்லை. இரண்டு முறை ஆல்-ஸ்டார், 2007-இல் லெப்ரான் ஜேம்ஸோடு இறுதித் தொடர், மொத்தம் 843 ஆட்டங்கள். கிளீவ்லாந்து அவரது 11ஆம் எண் சட்டையை வேறு யாருக்கும் தருவதில்லை.

வால்டனின் பாதத்துக்கும் இல்கௌஸ்காஸின் பாதத்துக்கும் இடையே 23 ஆண்டுகால மருத்துவம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கத்தி மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. நீண்ட ஒப்பந்தம் கையில் இருந்ததால் வலிக்கிறது என்று சொல்ல அவருக்குப் பயம் இல்லை. கிளீவ்லாந்து அந்த நாட்களில் வென்றே தீர வேண்டிய அணியும் அல்ல, மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. ஊசி போட்டு இறக்க எந்த சியாட்டிலும் காத்திருக்கவில்லை. நியூயார்க்கின் பில் கார்ட்ரைட்டும் பாத முறிவுகளால் 1980களின் நடுவில் ஏறத்தாழ இரண்டு சீசன்களை உட்கார்ந்தே கழித்தார்; பின்னால் சிகாகோவில் ஜோர்டனோடு மூன்று கோப்பைகள் வாங்கினார்.

என் வாதத்துக்கு அடங்காதவர் ஓடன். 2007-இல் கெவின் டுரான்ட்டுக்கு முன்னால் போர்ட்லாந்து எடுத்த முதல் ஆள். ஊசி இல்லை, மிரட்டல் இல்லை, அவசரம் இல்லை. எம்.ஆர்.ஐ. இருந்தது, பணம் இருந்தது, காத்திருக்கப் பொறுமையும் இருந்தது. சிறுவயதில் நடந்த இடுப்பு அறுவையால் ஒரு கால் மற்றதைவிட நீளம். முதல் ஆட்டத்துக்கு முன்பே வலது முழங்காலில் குருத்தெலும்புச் சிகிச்சை. 2009 டிசம்பரில் இடது முழங்கால் சில்லு உடைந்தது. பிறகு இன்னும் இரண்டு குருத்தெலும்புச் சிகிச்சைகள். ஐந்து சீசன்களில் போர்ட்லாந்துக்கு அவர் ஆடியது 82 ஆட்டங்கள். ஒரு சீசனின் கணக்கு. சில கால்களை யாராலும் காப்பாற்ற முடியாது என்பதை ஓடனை வைத்து ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது வீரருக்கு வெளி மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே உண்டு. பயணம் தனி விமானத்தில்; வால்டன் காலத்தில் இந்த நெடிய உடம்புகள் சாதாரண விமான இருக்கைகளில் மடிந்து உட்கார்ந்து ஊர் ஊராகப் போயின. 2014-இல் நேவிகுலர் உடைந்த ஜோயல் எம்பீடை பிலடெல்பியா இரண்டு முழு சீசன்கள் உட்காரவைத்தது. அவர் 2023-இல் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். இந்தப் பொறுமைக்கு எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் நாளில் டிக்கெட் வாங்கியவர்களும் ஒளிபரப்புக்காரர்களும் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-24 சீசனிலிருந்து லீக் ஒரு விதி கொண்டுவந்தது: குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடாதவருக்குப் பெரிய விருதுகள் கிடையாது.

1978-இல் விருது வாங்கிய சீசனில் வால்டன் ஆடியது 58 ஆட்டங்கள். இன்றைய விதியில் அவர் பெயரையே எடுத்திருக்க மாட்டார்கள். விதி வந்த முதல் சீசனில் எம்பீட் ஆட்டத்துக்கு 35 புள்ளி சராசரியோடு விருதுக்கு முன்னணியில் இருந்தார்; இடது முழங்கால் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது; தவறவிடக்கூடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைச் செய்தியாளர்கள் அன்றாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரி 30 அன்று கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக இறங்கினார். கீழே விழுந்த பந்துக்கான தள்ளுமுள்ளில் எதிரணி வீரர் அந்த முழங்கால்மேல் விழுந்தார். அடுத்த வாரம் அறுவை. விதி இல்லாவிட்டால் அன்று ஆடியிருப்பாரா என்று பிலடெல்பியாவில் இன்னும் வாதம் நடக்கிறது. அந்த சீசனில் அவர் ஆடியது 39 ஆட்டங்கள். விருது டென்வரின் நிகோலா யோகிச்சுக்குப் போனது.